நுரைக் கோப்பி மூன்று வகை: பால்மா இல்லாவிட்டால் எது?

2022 மின்வெட்டு நாட்களில் புல்மோட்டையில் உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தேன். மாமி கரண்டியால் அடித்த கோப்பி தந்தார். பால்மா தட்டுப்பாடாக இருந்த நேரம். அது எனக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசிப் பால்மா என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, பால் இல்லாமல் எந்த நுரைக் கோப்பி சரிவரும் என்று செய்து பார்த்தேன்.

தல்கோனா: 2020 ஜனவரியில் கொரிய நடிகர் ஜுங் இல்-வூ தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் மக்காவோவில் குடித்தது, ஊரடங்கில் உலகெங்கும் பரவியது. இன்ஸ்டன்ட் கோப்பி, சீனி, சுடுதண்ணீர் சம அளவு. கெட்டியாக அடித்துக் குளிர்ந்த பாலின் மேல் இட வேண்டும்.

இந்திய முறை: தண்ணீர் சில துளிதான். நிறம் வெளிறும்வரை கரண்டியால் அடித்து, சூடான பால் ஊற்ற வேண்டும். மாமி செய்தது இதுதான்.

கிரேக்க பிராப்பே: 1957இல் தெசலோனிகி வர்த்தகக் கண்காட்சியில், சுடுதண்ணீர் கிடைக்காத பணியாளர் ஒருவர் குளிர்ந்த தண்ணீரில் குலுக்கியதில் பிறந்தது. மூடிய போத்தலே போதும், பால் கட்டாயமில்லை.

மூன்றுக்கும் இன்ஸ்டன்ட் கோப்பிதான் வேண்டும். இடித்த கோப்பித் தூளிலுள்ள எண்ணெய் நுரையை நிற்கவிடாது. சீனியைக் குறைக்கலாம், முற்றாக விட்டால் நுரை கெதியில் இறங்கிவிடும்.

மூன்றுக்கும் மின்சாரம் தேவையில்லை. பால்மாவும் இல்லையென்றால், பிராப்பேதான். அடுத்த முறை மாமி வீட்டில் போத்தலை நான் குலுக்குவேன்.