அத்தை வீட்டு ரேடியோ

போன மார்கழியில் தேவதானத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பூசை அறையில் உட்கார்ந்து அத்தை திருவெம்பாவை படிப்பார். மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமாவுக்கு அது எட்டாது. கல்லூரியில் படிக்கும் பேரன் ஒரு வழி கண்டுபிடித்தான். மடிக்கணினியில் சின்ன மைக் ஒன்றைச் சொருகி, வி.எல்.சி. பிளேயரைத் திறந்து என்னவோ தட்டினான். மாமாவின் போனில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் போட்டதும் மாடியில் அத்தையின் குரல் கேட்டது. ஆசை யாரை விட்டது? கூடத்திலும் அடுக்களையிலும் இருந்த போன்களிலும் அதே எண்ணைப் போட்டார்கள். ஒவ்வொரு போனும் ஒன்றிரண்டு விநாடி பிந்திப் பாடியது, அதுவும் ஒன்றுபோல் பிந்தாமல். ஒரே அடியை நாலு அத்தைகள் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பாடுவது போல இருந்தது.

“இதுக்கு ஸ்ட்ரீமிங்னு பேரு ஆச்சி. நெட்டே வேண்டாம், வைஃபை போதும்” என்றான் பேரன்.

“ரேடியோ கட்டிட்டேன்னு சொல்லு” என்றார் அத்தை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் முதல் கேள்வி “ரேடியோ கட்டியாச்சா?” என்பதுதான். கட்டுவது கூம்புக் குழாயை. கீழே ஆம்ப்ளிஃபயர், பாட்டுத்தட்டு, மைக். அந்தச் சாமான்களில் எதிலும் ரேடியோ கிடையாது. கம்பியில்லாமல் வருவதற்கு வைத்த பெயர், தெரு நீளத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டும் குழாய்க்கு எப்படி வந்தது? பஞ்சாயத்து ரேடியோவிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத காலத்தில் ஊர் செய்தி கேட்டது பஞ்சாயத்து ஆபீஸ் கம்பத்தில் இருந்த குழாயில். பெட்டி உள்ளே பூட்டியிருக்கும், கண்ணில் பட்டது குழாய் மட்டுமே. ஆகவே குழாய்தான் ரேடியோ. ஜனங்கள் பொருளுக்குப் பெயர் வைப்பது அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தல்ல.

படித்தவர்கள் வைத்த பெயர் வானொலி. அதற்கு ஒரு வடமொழிப் பங்காளி உண்டு. 1935இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தன் வீட்டில் நடத்திய சிறு நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. 1957இல் அகில இந்திய வானொலி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. புராணத்தில் உடம்பில்லாமல் வானத்திலிருந்து வரும் குரலுக்கு உள்ள பெயர் அது; கம்சன் கேட்டானே, அந்தக் குரல். தமிழ்நாடு அந்தப் பெயரோடு ஒருபோதும் சமாதானமாகவில்லை. 2023 மே மாதம் இனி ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோதும் இங்கே எதிர்ப்புக் கிளம்பியது.

அத்தை ‘ரேடியோ’ கட்டியது தேவதானத்தில் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஆகாயத்தின் குணம் ஓசை என்பது பழைய தத்துவ நூல்களின் கணக்கு. வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

ஆனால் அத்தை வீட்டில் நடந்ததற்கு வானமும் பொருந்தாது, ‘ஒலிபரப்பு’ என்பதும் பொருந்தாது. நிலையத்திலிருந்து கிளம்பும் அலையைப் பத்துப் பேரும் கேட்கலாம், பத்து லட்சம் பேரும் கேட்கலாம். நிலையத்துக்குக் கூடுதல் வேலை இல்லை. அதுதான் பரப்புதல். மடிக்கணினியோ ஒவ்வொரு போனுக்கும் தனித்தனிப் பிரதி அனுப்புகிறது. ஒரு போனுக்கு விநாடிக்கு 128 கிலோபிட் என்றால் நாலு போனுக்கு 512. பந்தியில் இலை இலையாகப் பரிமாறுகிற வேலை. சர்வருக்கு ‘வழங்கி’ என்று பெயர் வைத்தவர் கையில் மோதிரம் போடலாம்.

ஸ்ட்ரீமிங்கை ‘ஓடை’ என்பதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒலி ஓடையாக ஓடுவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. போன் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாட ஆரம்பிக்கிறது. நாலு அத்தைகள் பிறந்தது அந்தச் சேமிப்பில்.

வைஃபை என்ற பெயருக்கு அர்த்தமே கிடையாது. 1999இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனம், ஹைஃபையின் சந்தத்தில் செய்து கொடுத்த சொல் அது. ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’ என்ற விரிவு பிறகு ஒட்டவைத்தது. தமிழில் ‘அருகலை’ என்கிறார்கள். நேரலையைப் பார்த்து வாட்ஸ்அப் பட்டியல்களில் ஓர் அலைக்கூட்டமே கிளம்பியிருக்கிறது: ஹாட்ஸ்பாட் பகிரலை, புளூடூத் ஊடலை, ஆஃப்லைன் முடக்கலை. ஊடலை என்றால் எனக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டைதான் நினைவுக்கு வருகிறது. முடக்கலையில் எந்த அலை அடிக்கிறது என்று தெரியவில்லை.

அருகலை அப்படியல்ல. அருகு என்றால் பக்கம். அருகுதல் என்றால் குறைதல்; அருகிவரும் பறவை என்கிறோமே, அது. பக்கத்தில் இருக்கிறவரை கிடைக்கும், தள்ளிப்போனால் அருகும். பெயர் வைத்தவர் இரண்டாவது பொருளை நினைத்தாரோ இல்லையோ, ரௌட்டர் கூடத்தில் இருக்க, இரண்டு சுவர் தாண்டி மாமாவின் போன் விக்கி விக்கிப் பாடியபோது எனக்கு அதுதான் பட்டது. பேரன் ரௌட்டரை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிய பிறகு விக்கல் நின்றது.

என் தீர்ப்பு: வைஃபைக்கு அருகலை நல்ல சொல், தைரியமாக எழுதலாம். அத்தை வீட்டு ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் இன்னும் வர வேண்டும். அது வழங்குதல் பக்கமிருந்து வரட்டும். கூம்புக் குழாயை உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள், ரேடியோவா, மைக்செட்டா, வேறு பெயரா? சொல்லும் வாய்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.