முழங்கால் மூட்டு

முழங்கால் மூட்டு என்பது தொடையையும் கீழ்க்காலையும் இணைக்கும் மூட்டு ஆகும். மனித உடலிலுள்ள மூட்டுகளில் இதுவே மிகப் பெரியது. கதவின் கீல் போல மடங்கி நீளும் இம்மூட்டு, மடங்கிய நிலையில் சிறிதளவு சுழலவும் வல்லது. இடுப்பு மூட்டில் எலும்புப் பந்து ஆழமான குழிக்குள் பொருந்தியுள்ளது. முழங்காலில் அத்தகைய பொருத்தம் இல்லை. இதன் உறுதி பெரும்பாலும் பிணையங்களையும் தசைகளையும் சார்ந்துள்ளது.

பெயர்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் 'மூட்டு வலி' என்பது பெரும்பாலும் முழங்கால் வலியையே குறிக்கும். உடற்கூற்றியலைத் தமிழில் எழுதும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிரேயின் உடற்கூற்றியல் நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வெளியிட்டார்.

எலும்புகள்

இம்மூட்டில் மூன்று எலும்புகள் பங்கேற்கின்றன. அவை தொடையெலும்பு, கால் முன்னெலும்பு, முழங்கால் சில்லு என்பனவாகும். தொடையெலும்பின் கீழ்முனையில் இரண்டு உருண்ட குமிழ்கள் உள்ளன. இவை கால் முன்னெலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பின் மீது உருண்டும் வழுக்கியும் நகர்கின்றன. சில்லு, தொடையின் முன்புற நாற்றலைத் தசையின் தசைநாணுக்குள் அமைந்த எலும்பாகும். இது நெம்புகோலின் கையை நீட்டுவது போலச் செயல்பட்டு, காலை நீட்டும் விசையைக் கூட்டுகிறது. பிறக்கும்போது சில்லு குருத்தெலும்பாகவே இருக்கும். பொதுவாக 3 முதல் 6 வயதுக்குள் எலும்பாகத் தொடங்கும். கால் பின்னெலும்பு இம்மூட்டில் நேரடியாகப் பங்கேற்பதில்லை.

பிறைக் குருத்தெலும்புகள்

உருண்ட குமிழ்களுக்கும் தட்டையான பரப்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உள்ளன. இவை உடல் எடையைப் பரவலாக்குகின்றன. இவற்றின் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. எனவே உட்பகுதியில் ஏற்படும் கிழிசல் தானாக ஆறுவது அரிது.

பிணையங்கள்

முழங்காலின் முதன்மையான பிணையங்கள் நான்கு:

முன் குறுக்குப் பிணையம்: கால் முன்னெலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.
பின் குறுக்குப் பிணையம்: அதே எலும்பு பின்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.
உட்பக்கப் பிணையம்: உட்புறப் பிறைக் குருத்தெலும்புடன் ஒட்டியுள்ளது.
வெளிப்பக்கப் பிணையம்: கால் பின்னெலும்பின் தலையில் இணைகிறது, வெளிப்புறப் பிறையுடன் ஒட்டுவதில்லை.

இவ்வொட்டுதலால் உட்புறப் பிறை எளிதில் நகர இயலாது. வெளிப்புறப் பிறையைவிட அது கூடுதலாகக் கிழிவதற்கு இது ஒரு காரணமாகும்.

பூட்டும் இயக்கம்

கால் முழுவதும் நீளும்போது, ஊன்றிய காலின் தொடையெலும்பு சற்று உட்புறமாகத் திரும்பிப் பிணையங்களை இறுக்குகிறது. இதனால் தசைகள் அதிகம் களைக்காமல் நெடுநேரம் நிற்க முடிகிறது. மீண்டும் மடக்கும்போது முழங்காலின் பின்புறமுள்ள சிறிய தசையொன்று இப்பூட்டைத் திறக்கிறது.

அன்றாட வாழ்வும் காயங்களும்

சமதரையில் நடக்க, முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். குந்தி உட்காருவதற்கோ 130 பாகைக்கும் மேல் மடங்க வேண்டும். எனவே சம்மணமிடுதல், தரைமட்டக் கழிப்பறையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றில் மூட்டுத் தேய்மானத்தின் பாதிப்பு முன்னதாகவே உணரப்படுகிறது. முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் பெரும்பாலும் தரையில் அமர்வதையும் குந்துவதையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். ஆகவே வீட்டின் கழிப்பறை அமைப்பும் சிகிச்சைக்கு முன் கருதத்தக்கது.

தமிழ்நாட்டின் மாநில விளையாட்டான சடுகுடுவில், பாடிச் செல்பவர் பாதத்தை ஊன்றியபடியே உடலைத் திருப்புகிறார். எதிரணியினர் அவரது காலைப் பற்றுகின்றனர். அப்போது ஏற்படும் முறுக்கத்தால் முன் குறுக்குப் பிணையம் அறுபடக்கூடும். சில நாட்களில் வீக்கம் வடிந்தாலும், ஓடித் திரும்பும்போது முழங்கால் 'நழுவுவது' போன்ற உணர்வு தொடரலாம். முழுவதும் அறுபட்ட இப்பிணையம் பெரும்பாலும் தானாகச் சரியாகப் பொருந்தி ஆறுவதில்லை. வீக்கம் குறைந்ததையே குணமாகக் கருதி விளையாட்டைத் தொடர்ந்தால், பிறைக் குருத்தெலும்பும் சிதைய வாய்ப்புண்டு. தேவைப்படுவோருக்கு அவர்களது தசைநாணையே கொண்டு புதிய பிணையம் அமைக்கப்படுகிறது. அதன் பின்னரும் தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி பல மாதங்கள் தேவைப்படும்.