புற்றுநோயும் அடையாற்று மருத்துவமனையும்



நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "ஐயா, புற்றுநோய் என்பது ஒரு கட்டிதானே? அறுத்து எறிந்துவிட்டால் தீர்ந்துபோகாதா?" என்று வினவினான். அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடுங்கால், நம் சென்னை நகரின் வரலாற்றில் ஓர் அரிய ஏடு விரிகின்றது. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்மக்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. பிறர் பிணி தீர்க்கும் கல்வியைப் பெற்ற அவர், தம் சொந்தத் தங்கையைக் காக்க இயலாமல் கலங்க நேர்ந்தது. பெருங்குடலின் இறுதியில் அமைந்த மலக்குடலில் தோன்றிய புற்று, தங்கை சுந்தராம்பாளின் உயிரை 1923-இல் கவர்ந்தது. அறுவையும் கதிர்வீச்சும் தவிர அக்கால மருத்துவத்தின் கையில் வேறு படைக்கலம் பெரிதும் இல்லை.

அத்துயரம் கண்ணீரோடு கழிந்துவிடவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற உறுதியாக அது மாறியது. இந்நோய் கண்டவர் இறப்பது திண்ணம். அவர்க்கென மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம், கற்றோரிடமும் ஆட்சியாளரிடமும் ஆழப் பதிந்திருந்தது. அம்மையார் தளரவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், அடையாற்றில் 12 படுக்கைகளோடு அம்மருத்துவமனை பணி தொடங்கியது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன!

அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மயிலாப்பூரில் 1927-இல் பிறந்த டாக்டர் சாந்தா, அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த பதவியை வேண்டாவென்று விடுத்து, 1955-இல் அங்கு வந்து சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அந்நிலையமே அவருக்கு வீடாகவும் விளங்கிற்று.

இனி, அம்மாணவனின் வினாவிற்கு வருவோம். ஓரிடத்தில் தோன்றிய கட்டி உடலெங்கும் பரவுவது எவ்வாறு? 1889-ஆம் ஆண்டிலேயே, ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் புற்றணுவை விதைக்கும், அது சென்று தங்கும் உறுப்பை நிலத்திற்கும் ஒப்பிட்டார். ஏற்ற நிலத்தில்தான் விதை முளைக்கும் என்பது அவர் கருத்து. அந்த விதை தன் நிலத்தைத் தானே பண்படுத்திக்கொள்கின்றது என்னும் உண்மை, பின்னரே தெளிவாயிற்று.

புற்றணு சில புரதங்களைச் சுரந்து வெளியே விடுகின்றது. அவை அண்டை அணுக்களுக்கு அனுப்பும் ஓலைகளைப் போன்றவை. கட்டி வளர உணவும் உயிர்வளியும் வேண்டும்; அதற்கெனப் புதிய இரத்தக் குழாய்களை அது வரவழைக்கின்றது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். ஐயுற்றோர் பலர். எனினும் 1989-இல் அவ்வழைப்பை விடுக்கும் புரதங்களுள் தலையாயது தனித்தெடுக்கப்பட்டது. வேறு சில புரதங்கள், அணுக்களைச் சூழ்ந்துள்ள நார்வலையை அரித்துப் புற்றிற்கு வழி திறக்கின்றன.

இவற்றினும் வியப்பானது 'டி.ஜி.எஃப். பீட்டா' என்னும் புரதம். நலமுள்ள குடலில் அது அணுக்களின் பெருக்கத்தை அடக்கும் காவலன். பெருங்குடற் புற்றணுக்கள் பலவற்றில் அக்காவலனின் சொல்லைக் கேட்கும் உறுப்பு பழுதடைந்துவிடுகின்றது. அப்பொழுது புற்றணு அடங்குவதில்லை. அதே புரதம் அண்டையிலுள்ள அணுக்களைத் தூண்டிப் புற்றிற்கே துணையாக்குகின்றது. காவலனே கள்வனுக்கு ஏவலனாகும் நிலை இது.

எதிரியின் ஓலை கையில் சிக்கினால் அதுவே நமக்குப் பயன்படும் அன்றோ? 1965-இல் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில், கோல்டு, ஃப்ரீட்மன் என்னும் இருவர் பெருங்குடற் புற்றில் ஒரு புரதத்தைக் கண்டனர். அறுவைக்குப் பின் நோய் மீள்கின்றதா என்று அறிய, இரத்தத்தில் அதன் அளவை இன்றும் மருத்துவர் பார்க்கின்றனர். குழாய்களை அழைக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்து, பரவிய பெருங்குடற் புற்றிற்கென 2004-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பிற மருந்துகளோடு அதனையும் பெற்றோரின் வாழ்நாள், ஆய்வில் ஏறத்தாழ 5 திங்கள் நீண்டது. வெற்றி சிறிது, ஆயினும் வழி புலப்பட்டது.

ஆகவே, அம்மாணவனுக்கு இன்று நான் கூறும் விடை இதுவே: "தம்பி, ஓலைகள் புறப்பட்டு நிலம் பண்படுமுன் அறுத்தால், பெரும்பாலும் தீரும், பின்னரோ கத்தி மட்டும் போதாது." குடலில் தோன்றும் சிறு சதைமொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு ஆகின்றது. அஃது இயற்கை நமக்குத் தரும் தவணை. மலத்தில் இரத்தம் கண்டும், மூலம் என்று தாமே முடிவு செய்து, வெட்கத்தால் வாளாவிருப்போர் அத்தவணையை இழக்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் பெரியவர் எவரேனும் அவ்வாறு மறைத்தால், அன்போடு வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுந்தராம்பாளுக்குக் கிடைக்காத காலம் அவருக்கேனும் கிடைக்கட்டும்.