விலங்குகள் சொன்ன எச்சரிக்கை



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே, காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் மாத்திரை விழுங்கிச் செல்வோர் பலர். சீனி வருத்தம் என்று நாம் கூறும் நீரிழிவு லயத்து வாசலுக்கும் வந்துவிட்டது. "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பச்சிலைச் சாறு ஒரு தீங்கும் செய்யாது" என்று அயலார் சொல்லக் கேட்டு, மருந்தைக் கைவிடுவோரும் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு? விடை காண, ஆய்வுகூடத்து நாயும் முயலும் எலியும் உணர்த்திய வரலாற்றைச் சற்றுக் கேட்போம்.

1889 ஆம் ஆண்டில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921 இல் கனடாவின் தொரன்ரோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களிடத்தே ஆராய்ந்து இன்சுலினைக் கண்டனர். ஆயினும் அது ஊசியால் ஏற்றும் மருந்து. வாயால் உண்ணும் மருந்தை உலகம் நாடிற்று. 1926 இல் ஜெர்மனியிலிருந்து சிந்தலின் என்னும் மருந்து வந்தது. அது குருதியின் சீனியைக் குறைத்தது. ஆனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கியது. எனவே பின்னர் கைவிடப்பட்டது. சீனியைக் குறைப்பது வேறு, நோயாளியைக் காப்பது வேறு என்பதை மருத்துவ உலகம் அன்று கற்றது.

சிறுநீரகத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு எதிர்பாராத வழியிலும் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சின் இடிபாடுகளுள் நசுங்கியோருக்குச் சிறுநீரகம் பழுதடைவது ஏன் என அறிய, கிளாஸ்கோவில் டன் என்பாரும் அவர்தம் துணைவரும் முயல்களுக்கு அலொக்சான் என்னும் பொருளைச் செலுத்தினர். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை அழித்திருக்கக் கண்டனர். ஆண்டு 1943. சிறுநீரகத்தைத் தேடியவர், நீரிழிவு கொண்ட விலங்கை உண்டாக்கும் வழியைக் கண்டார்!

அடுத்து இதயத்தின் கதை. 1999 இல் ரோசிகிளிட்டசோன் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இம்மருந்து உண்ட எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றின் இதயம் எடை கூடியிருந்தது ஆய்வுகளிலே காணப்பட்ட செய்தி. காரணம் யாது? இவ்வகை மருந்து சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் செய்கிறது. குருதியின் அளவு பெருகுகிறது. இதயத்தின் சுமை ஏறுகிறது. மனிதரிலும் கால் வீங்கி இதயம் தளரும் இடர் தோன்றியது. மாரடைப்பு மிகும் என்னும் ஐயம் 2007 இல் எழுந்தது. 2010 இல் ஐரோப்பா அம்மருந்தை நிறுத்தியது. மாரடைப்பு பற்றிய ஐயம் மறு ஆய்வில் தணிந்து, 2013 இல் அமெரிக்கா தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதாயினும், இதயத் தளர்ச்சி பற்றிய எச்சரிக்கை நீங்கவில்லை. இதனிடையே, புதிய நீரிழிவு மருந்து ஒவ்வொன்றும் இதயத்துக்கு ஊறு செய்யாதென மெய்ப்பிக்க வேண்டும் என 2008 இல் அமெரிக்க மருந்து ஆணையம் விதித்தது.

அவ்விதியால் எதிர்பாராத நன்மை விளைந்தது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835 இல் பிரித்தெடுத்த புளோரிசின் என்னும் பொருள், நாய்களின் சிறுநீரில் சீனியைப் பெருக்குவதை மேரிங் 1886 இல் கண்டிருந்தார். அவ்வழியே சென்று ஆக்கிய எம்பாகிளிஃப்லோசின் என்னும் மாத்திரையைச் சோதித்தபோது, இதய நோயால் நேரும் இறப்பு குறைந்தது 2015 இல் புலனாயிற்று. சிறுநீரகத்தின் நலிவும் தாமதமாயிற்று.

இனி நமது மலையோரத்துக்கு வருவோம். கொத்தல ஹிம்புட்டு என்னும் கொடியின் மரத்தாற் செய்த கிண்ணத்தில் நீரூற்றி வைத்துப் பருகுதல் இந்நாட்டின் பழைய வழக்கம். அது சீனியைக் குறைப்பதற்குச் சான்று உண்டு. எனினும் அதன் வேர்ச்சாறு கருவுற்ற எலிகளின் கருவுக்குக் கேடு செய்தமையைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2003 இல் வெளியிட்டனர். தமரத்தங்காய் எனப்படும் காமரங்காயின் சாறு சிறுநீரகத்தைப் பழுதாக்கிய செய்தியை இலங்கை மருத்துவர்கள் 2015 இல் எழுதினர். அக்காயிலுள்ள ஒக்சலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாய்ப் படிவதே காரணம். பச்சிலை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

மாத்திரையின் நிலை என்ன? பெரும்பாலார் உண்ணும் மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதன்று. சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. ஆதலின், சிறுநீரகம் நலிந்தால் அது உடலிற் தேங்கும். மருத்துவர் குருதியைச் சோதித்து அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் இதனாலேயாம். மருந்தின்றி விட்ட சீனியோ இதயம், சிறுநீரகம் இரண்டையும் அரித்துவிடும்.

மருந்தை அஞ்சி எறிய வேண்டா. சாற்றை நம்பி மறைக்கவும் வேண்டா. அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, உண்ணும் மாத்திரையோடு பருகும் சாற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், "என் சிறுநீரகம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வாயற்ற உயிர்கள் தம் உடலால் உணர்த்தியதை, வாயுள்ள நாம் கேட்டறியாமல் விடலாமா?