1977 (இந்தியா)

1977, நெருக்கடிநிலை முடிவுக்கு வந்து, மத்தியில் முதன்முறையாகக் காங்கிரஸ் அல்லாத அரசு அமைந்த ஆண்டு. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சி தொடங்கியதும் இந்த ஆண்டில்தான். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஜவ்வாது மலைக்கு இந்த ஆண்டை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்த இரவில், அதைப் பதிவு செய்த ஒரு சில தொலைநோக்கிகளில் ஒன்று இந்த மலைமேல் இருந்தது. ஆண்டுத் தொகுப்புகளில் அரசியலுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கும், வானியலுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறது.

தேர்தல்

1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை நடப்பில் இருக்கும்போதே, 1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். அடுத்த ஐந்தே நாளில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஜனதா கட்சியைத் தொடங்கின. சின்னத்துக்கு நேரமில்லாததால், பெரும்பாலான மாநிலங்களில் பாரதிய லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்திலேயே போட்டியிட்டன. பிப்ரவரி 2 அன்று மூத்த அமைச்சர் ஜகஜீவன் ராம் விலகியது காங்கிரஸுக்குப் பலத்த அடி. நான்கு நாள் கழித்து டெல்லி ராம்லீலா மைதானத்தில் அவர் கலந்துகொண்ட கூட்டத்துக்கு ஆள் சேரக் கூடாதென்று தூர்தர்ஷனில் ‘பாபி’ படத்தைப் போட்டார்கள் என்பது பிரசித்தம். ஆனாலும் மைதானம் நிரம்பியது. பிப்ரவரி 11 அன்று குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பதவியிலிருக்கும்போதே காலமானார்.

மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு. ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் இந்திராவே 55,202 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அமேதியில் மகன் சஞ்சயும் தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார்.

நாடே இந்திராவைத் தூக்கி எறிந்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். விந்திய மலைக்கு வடக்கே அது சரி. ஆந்திரத்தில் 42 தொகுதிகளில் 41 காங்கிரஸுக்குப் போயின. மிச்சமிருந்த நந்தியாலில் வென்ற ஜனதாக்காரர் நீலம் சஞ்சீவ ரெட்டி, ஜூலையில் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் கூட்டணி 39 தொகுதிகளில் 34ஐ அள்ளியது. தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டு, அதன் தலைவர்கள் மிசா சட்டத்தில் சிறையில் அடைபட்ட மாநிலம் இது. சென்னை மத்திய சிறையில் அடி வாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்ததும் அந்தக் காலத்தில்தான். இருந்தும் முடிவு இப்படி வந்தது. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கைப் போல் இங்கே வீட்டுக்கு வீடு இறங்கவில்லை என்பதும், அ.தி.மு.க. தலைவர் எம்.ஜி.ஆர். யார் பக்கம் நின்றார் என்பதும் சேர்ந்தே இதை விளக்கும்.

ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கூட்டணி கலைந்து நான்குமுனைப் போட்டியானது. 234 இடங்களில் அ.தி.மு.க. 130, தி.மு.க. 48. கட்சி தொடங்கி ஐந்தாண்டு நிறைவதற்குள், ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதல்வரானார்.

மலைமேல் ஓர் இரவு

பாலாற்றில் போய்ச் சேரும் உத்திரகாவேரி ஆற்றையொட்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். மேலே மலையாளி பழங்குடியினரின் ஊர்கள். சாமை, புளி, பலா, தேன், ஒரு காலத்தில் சந்தனம். இதே மலைத்தொடரில், ஆலங்காயம் பக்கம், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவு வானத்துக்கு ஏற்ற இடம் தேடி 1960களின் பிற்பாதியில் இதைத் தேர்ந்தார். நகர வெளிச்சம் எட்டாத மலை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் தென் வானமும் நன்றாகத் தெரியும். 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். மறையும்போது நட்சத்திர ஒளி எப்படிக் குறைகிறது என்று அளந்தால் கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அவ்வளவுதான் திட்டம். ஆனால் கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சட்டென்று சரிந்தது; சில நொடிகளில் பழைய நிலைக்கு வந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழு இப்படிப் பல சரிவுகளைக் கண்டது, கோளின் இரு புறமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பதிவானது. காவலூரில் பதிவு செய்தவர்கள் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும்.

மூன்று குழுக்களின் குறிப்புகளும் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வெளியாயின. தங்கள் பதிவை யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றின் தடயமாகவே காவலூர்க்காரர்கள் வாசித்திருந்தார்கள். கையில் ஒரு சரிவு மட்டும் இருப்பவர் அப்படி நினைப்பதில் தவறில்லை. இரு புறமும் அளந்தவர்களுக்குத்தான் வளையம் என்று சொல்ல வழி இருந்தது. மூன்று பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. அதுவரை வளையமுள்ள கோள் என்று அறியப்பட்டது சனி ஒன்றுதான். அந்த ராத்திரிக்கும் வாக்குப்பதிவு தொடங்கியதற்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை; தேர்தல் அமளியில் யாரும் பெரிதாகக் கவனிக்காததில் வியப்பில்லை.

பிற நிகழ்வுகள்

நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரிக்க மே மாதம் ஷா ஆணையம் அமைந்தது. ஜூனில் மேற்கு வங்கத்தில் ஜோதிபாசு தலைமையில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்கு உடன்படாமல் கோகோ கோலா வெளியேற, அரசே ‘77’ என்று ஆண்டின் பெயரில் ஒரு பானத்தைக் கொண்டுவந்தது, அது நிலைக்கவில்லை. செப்டம்பரில் பெலே கல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். அதே மாதம் வெளியான பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ தமிழ்ப் படப்பிடிப்பை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்து மண்ணுக்கு இழுத்துவந்தது. நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலின் சேதம் தீரும் முன்பே, 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமாவைக் கடல் புகுந்து அழித்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பின்விளைவுகள்

உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தைச் சொல்லி இனி நெருக்கடிநிலை கொண்டுவர முடியாதபடி, 1978இன் 44ஆவது திருத்தம் அந்த இடத்தில் ஆயுதக் கிளர்ச்சி என்று வைத்தது. ஜனதா ஆட்சி விட்டுச்சென்றவற்றில் உருப்படியானது இதுவே எனலாம். ஜனதா கட்சி அதன்பின் அதிக நாள் தாங்கவில்லை. 1979 ஜூலையில் மொரார்ஜி விலகினார், 1980 ஜனவரியில் இந்திரா திரும்பினார். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது, மே மாதத் தேர்தலில் வென்று அவரே மறுபடி வந்தார். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டு, வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதே மாதம் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கி அந்த வளையங்களைப் படம் பிடித்தது.