மா

மா: உலகின் பல மொழிகளில் வெவ்வேறு பொருளில் வழங்கும் ஓரசைச் சொல். நன்னூல் கூறும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. தமிழில் மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, திருமகள் எனப் பல பொருள் தரும். அரிசியையோ கோதுமையையோ அரைத்த மாவை ஈழத்தமிழர் இன்றும் ‘மா’ என்றே சொல்கின்றனர். கணக்கில் இது 1/20 என்னும் பின்னம். நில அளவையிலும் 20 மா சேர்ந்தது ஒரு வேலி.

சீனப் பொதுமொழியில் ‘மா’வின் பொருளைத் தீர்மானிப்பது குரலின் ஏற்ற இறக்கமே. சமமாக உயர்த்திச் சொன்னால் தாய், ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் திட்டுதல். வியட்நாமியத்தில் இந்த வளம் இன்னும் வியப்பூட்டுவது: ஆறு தொனிகளில் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. தாய்லாந்து மொழியில் வா, நாய், குதிரை.

இத்தாலியத்தில் ‘ஆனால்’, ஹங்கேரியத்தில் ‘இன்று’, எஸ்தோனியத்தில் ‘நான்’. சமஸ்கிருதத்தில் ‘வேண்டாம்’ எனத் தடுக்கும் சொல். ஜப்பானியத்தில் இடைவெளி, அந்நாட்டு நோ நாடகமும் கட்டடக்கலையும் போற்றும் அழகியல் கருத்து இது.

இவற்றுட் பெரும்பாலானவை தற்செயல் ஒற்றுமைகள்; ஒலியை மட்டும் கொண்டு மொழியுறவு நாட்டுவது பிழை. தாயைக் குறிப்பது மட்டும் தனிவகை. இதழ் மூடிப் பால் குடிக்கும் குழந்தையின் மூக்கொலி முனகலிலிருந்து அது பிறந்திருக்கலாம் என மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். ஆயினும் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை.