தோற்றவன் கற்றுக்கொண்ட விளையாட்டு

ஸ்டார்கிராஃப்ட் ஆடுகிற எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரு நினைப்பு இருக்கும். விரல் வேகமாக ஓடினால் போதும், ஜெயித்துவிடலாம் என்று. எனக்கும் இருந்தது. தென்கொரியாவில் இந்த விளையாட்டு வளர்ந்த கதையைப் படித்த பிறகுதான் அது போயிற்று.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. இது இருவர் மோதும் ஆட்டம். சதுரங்கம் மாதிரி மாற்றி மாற்றி நகர்த்துவது கிடையாது, இருவரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். கையில் 4 வேலையாட்கள், 50 மினரல். அதை வைத்துத் தோண்டி, கட்டி, படை திரட்டி எதிரியை அழிக்க வேண்டும். டெரன், ஜெர்க், ப்ரோடாஸ் என்று மூன்று இனங்கள்.

விளையாட்டு வெளிவந்தது 1998-ல். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொரியாவில் தெருவுக்குத் தெரு முளைத்த 'பிசி பாங்' கடைகளில் இது பரவியது. பிறகு தொலைக்காட்சியிலேயே ஓ.எஸ்.எல்., எம்.எஸ்.எல். என்று லீக்குகள் வந்துவிட்டன.

2001-ல் வந்த 1.08 பதிப்பு இரண்டு காரியம் செய்தது. படைகளின் விலை, வலு இவற்றைத் திருத்தியது. அதற்குப் பிறகு அந்த எண்களில் பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. இன்னொன்று, முடிந்த ஆட்டத்தைச் சேமித்து மறுபடி பார்க்கிற 'ரீப்ளே' வசதி. ஆக, இனி விதி மாறாது, மேப் மட்டும்தான் மாறும். முன்னேற வேண்டுமென்றால் ஆடுகிறவன்தான் மாற வேண்டும்.

அந்த ஆண்டு இரண்டு ஓ.எஸ்.எல். கோப்பைகளை வென்றவர் லிம் யோ-ஹ்வான், பட்டப்பெயர் 'பாக்ஸர்'. நாலு வீரர்களை விமானத்தில் ஏற்றி எதிரியின் முதுகுப்பக்கம் இறக்கி, அவர்களைச் சாகவிடாமல் ஆட்டுவிப்பதில் மன்னர். எல்லோரும் அவரைப் பார்த்து அதையே பழகினார்கள்.

பிறகு வந்தார் சோய் யோன்-சங். லிம் தானே தன் அணிக்குக் கூட்டிவந்த ஆள். இவருடைய பலம் வேறு. சீக்கிரமே இரண்டாவது தளம், மூன்றாவது தளம், நிற்காத உற்பத்தி. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: சும்மா கிடக்கிற பணம் வருமானம் தராது. நீங்கள் 10 பேரைக் காப்பாற்றும் நேரத்தில் அவர் 30 பேரை அனுப்புவார். தொடர்ந்து மூன்று எம்.எஸ்.எல். கோப்பைகள். 2004 நவம்பரில் ஓ.எஸ்.எல். இறுதிப்போட்டியில் குருவும் சீடனும் மோதினார்கள். 3-2 என்று ஜெயித்தது சீடன்.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. சோயின் முறையை எல்லோரும் படித்துவிட்டார்கள். எல்லோரிடமும் இருப்பது யாருக்கும் பலம் இல்லை. அடுத்து ஜெர்க் ஆட்டக்காரர் மா ஜே-யூன் மூன்று எம்.எஸ்.எல். வென்றார். 2007 பிப்ரவரியில் ஓ.எஸ்.எல். கோப்பையும் வந்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 3-ம் தேதி, எம்.எஸ்.எல். இறுதியில் எதிரே உட்கார்ந்தவர் 17 வயது கிம் டேக்-யோங். அவர் ஆடியது ப்ரோடாஸ், ஜெர்க்கிடம் எப்போதும் அடிவாங்குகிற இனம். முடிவு 3-0, கிம் பக்கம்!

கிம்மின் விரல் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ஜெர்க்கிடம் மறைந்து வருபவரைக் காட்டிக்கொடுப்பது 'ஓவர்லார்ட்'. கிம்மின் பாணியில் 'கோர்சேர்' விமானங்கள் அந்த ஓவர்லார்ட்களை வேட்டையாடும், பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத 'டார்க் டெம்ப்ளர்' உள்ளே நுழையும். எதிரி தற்காப்பில் திணறும்போது இவர் தன் தளங்களைப் பெருக்கிக்கொள்வார். ப்ரோடாஸ் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எனக்குப் புரிந்தது இதுதான். நேற்று ஜெயித்தவனைப் போலவே ஆடினால் நேற்றைய ஆட்டம்தான் வரும். நாம் எங்கே தோற்கிறோம் என்று பார்த்தவன்தான் ஒரு படி மேலே போயிருக்கிறான். அதுவும் தோல்வி, சண்டை நடக்கிற இடத்தில் ஆரம்பிப்பதில்லை. அதற்குப் பல நிமிடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

நேற்றும் தோற்றேன். கை மெதுவாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ரீப்ளேயைப் போட்டேன். ஆறாவது நிமிடத்தில், இன்னும் எதிரி வரவே இல்லை, என் கணக்கில் 800 மினரல் சும்மா கிடந்தது.